ஐந்தாம் வரிசை, மூன்றாம் குச்சி

அன்று காலை ஆறு மணி பத்து நிமிடத்துக்கு எங்கள் வீட்டு கேஸ் லைட்டர் வேலை செய்யாமல் போனது. எல்லாம் கெடத் தொடங்கியது அங்கேதான். நேரம் இவ்வளவு சரியாக நினைவிருப்பதற்குக் காரணம் உண்டு. மாதனூரில் எங்கள் தெருமுனைக்கு ஷூ கம்பெனி பஸ் வரும் நேரம் அது. நான் அன்று லீவு போட்டிருந்தேன். இருந்தும் ஹாரன் கேட்டதும் பழக்கத்தில் கை டிபன் பாக்ஸைத் தேடியது. அப்புறம் லைட்டரை அழுத்தினேன். டிக் என்றது. பொறி இல்லை. இருபது தடவை டிக் என்றது.

தீப்பெட்டியை எடுத்தேன். காலி. இன்னொன்று, அதுவும் காலி. வீட்டில் இருந்த குச்சி அத்தனையும் என் மகள் மூன்று தட்டுகளில் அடுக்கி, அலமாரியின் மேல்தட்டில் பத்திரமாக வைத்திருந்தாள். அடுப்பில் பால் பாத்திரம். ஏழரைக்குள் அவள் சாப்பிட்டாக வேண்டும். ஒன்பது மணி பஸ்ஸைப் பிடித்து வேலூர் போக வேண்டும். பதினொன்றரைக்கு அவளுடைய முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு. இதையெல்லாம் ஒரு நொடியில் நினைத்தேன். அடுத்த நொடியில் ஸ்டூல் மேல் ஏறி, முதல் தட்டிலிருந்து ஒரே ஒரு குச்சியை உருவினேன்; காலிப் பெட்டியின் பக்கவாட்டில் உரசி அடுப்பைப் பற்ற வைத்தேன்.

இது நடந்து ஒன்றரை வருடம் ஆகிறது. எல்லாம் நல்லபடியாகத்தான் முடிந்தது. மகள் பெயருக்கு முன்னால் டாக்டர் சேர்ந்துவிட்டது. ஆனாலும் அடுப்பின் முன் நிற்கும்போது சில நாள் அந்தக் காலை இன்னும் நினைவுக்கு வந்துவிடுகிறது.

தீக்குச்சிக்கும் முனைவர் பட்டத்துக்கும் என்ன சம்பந்தம் என்று சொல்ல வேண்டும். இந்தக் கேள்விக்கு நான் ஐந்து வருடம் கம்பெனி பஸ்ஸில் பதில் சொல்லிப் பழகியவள். பேக்கிங் பிரிவில் எனக்குப் பத்தொன்பது வருடம், இப்போது சூப்பர்வைசர். என் லைனில் இருக்கும் பெண்கள் மாதம் ஒரு தடவையாவது கேட்பார்கள்.

“அக்கா, உங்க பொண்ணு இன்னும் இன்னாதான் படிக்குது?”

“காந்தம்.”

“காந்தத்துல படிக்க இன்னாக்கா இருக்குது? பிரிட்ஜ்ல ஒட்டுது, அவ்ளோதானே?”

“ஏன் ஒட்டுதுன்னு படிக்கிறா.”

“அதுக்கு அஞ்சு வருசமா? என்னைக் கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே, இரும்பா இருக்கறதாலன்னு!”

பஸ்ஸே சிரிக்கும். நானும் சிரிப்பேன். உள்ளுக்குள் மட்டும், இவள் எப்போது முடிப்பாள் என்ற பயம் ஓடிக்கொண்டே இருக்கும். மகள் எனக்குச் சொல்லிக் கொடுத்ததை நான் அவர்களுக்குச் சொன்னேன். இப்போதும் அதைத்தான் சொல்லப் போகிறேன்.

ஒரு படிகத்தின் உள்ளே அணுக்கள் வரிசை வரிசையாக, இடம் தவறாமல் உட்கார்ந்திருக்கும். காந்தப் பொருளாக இருந்தால் ஒவ்வொரு அணுவும் ஒரு குட்டிக் காந்தம். அதற்கு ஒரு திசை உண்டு. அம்புக்குறி போட்டுக் காட்டுவார்கள். எல்லா அம்பும் ஒரே பக்கம் பார்த்தால் அது நமக்குத் தெரிந்த காந்தம். ஒன்று இந்தப் பக்கம், அடுத்தது அந்தப் பக்கம் என்று மாறி மாறிப் பார்த்தால் வெளியே காந்தமே இல்லாதது போல் இருக்கும். உள்ளே மட்டும் ஒழுங்கு இருக்கும். இன்னும் சிலவற்றில் அம்புகள் அடிக்கு அடி கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிக்கொண்டே போகும், சுழல்படி ஏறுவதைப் போல.

அவளுடைய கேள்வி, இந்த ஒழுங்கை எண்களில் எப்படி எழுதுவது என்பது. ஒரே பொருளை இரண்டு ஊரில் இரண்டு பேர் அளப்பார்கள். ஒருவர் இந்த மூலையிலிருந்து எண்ணத் தொடங்குவார், மற்றவர் நடுவிலிருந்து. ஒருவர் படிகத்தை நிமிர்த்தி வைத்திருப்பார், மற்றவர் படுக்க வைத்திருப்பார். இரண்டு பேரும் எழுதும் பட்டியல் எண்ணுக்கு எண் வேறாக இருக்கும். ஆனால் பொருள் ஒன்று. இன்னொரு பக்கம், பார்த்தால் அண்ணன் தம்பி போல இருக்கும் இரண்டு ஒழுங்குகள் உண்மையில் வேறு வேறாக இருக்கும். ஆயிரக்கணக்கில் பட்டியல்கள் குவிந்து கிடக்கும்போது எது எதனோடு ஒன்று, எது வேறு என்று கண்ணால் பிரிக்க முடியாது.

அதனால் அவள், எங்கே தொடங்கினாலும் எப்படித் திருப்பினாலும் மாறாத எண்களைத் தேடினாள். ஒவ்வோர் அம்பையும் எடுத்துக்கொள்வாள். அதன் பக்கத்து அம்புகள் எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன, அவற்றுக்கும் இதற்கும் என்ன கோணம் என்று கணக்கிட்டு அந்த இடத்துக்கு ஒரு வரிசை எண்கள் எழுதுவாள். எல்லா இடத்துக்கும் எழுதியபின் இரண்டு பொருள்களின் எண்களை ஒப்பிடுவாள். கடைசியில் ஒரே ஓர் எண் வரும். அது சைபராக இருந்தால் இரண்டும் ஒன்று. இல்லாவிட்டால் வேறு.

தேர்வுக்கு வருகிறவர்கள் கையால் தொட்டுப் பார்க்கும்படி ஏதாவது காட்ட வேண்டும் என்று அவளுக்கு ஆசை. கம்பெனியில் கழித்துப் போட்ட, ஷூவின் உள்ளே வைக்கும் இன்சோல் ஃபோம் ஷீட்டை நான் கேட்டு வாங்கி வந்தேன். நாங்கள் இருவரும் உட்கார்ந்து, எட்டு வரிசை, வரிசைக்கு எட்டு என்று தட்டுக்கு அறுபத்து நான்கு கீறல்கள் போட்டோம். குடியாத்தத்தில் விசைத்தறி ஷெட்டில் வேலை செய்யும் என் கணவர் வரும் வழியில் தீப்பெட்டிகள் வாங்கி வந்தார். கீறலில் குச்சியை அழுத்தினால் அசையாமல் படுத்துக்கொள்ளும். மருந்துத் தலை இருக்கும் பக்கம்தான் அம்பு நுனி. முதல் குச்சி கிழக்கே பார்க்கும், அடுத்தது வடக்கே, அதற்கடுத்தது மேற்கே, அப்புறம் தெற்கே. நான்கு அடியில் ஒரு சுற்று. அடுத்த வரிசை ஓர் அடி தள்ளித் தொடங்கும். இது முதல் தட்டு. இரண்டாவது தட்டிலும் இதே ஒழுங்குதான், வேறு மூலையிலிருந்து தொடங்கி, தட்டையே கால் சுற்று திருப்பி அடுக்கியது. மூன்றாவது, பார்ப்பதற்கு இவற்றைப் போலவே இருந்து ஏமாற்றும் வேறு ஒழுங்கு. செல்போனில் மேலிருந்து படம் எடுத்தால் அவளுடைய புரோகிராம் தலைகளைப் பார்த்துத் திசைகளைக் குறித்துக்கொண்டு கணக்குப் போடும்.

முந்தைய நாள் சாயங்காலம் சோதித்தபோது முதல் தட்டுக்கும் இரண்டாவதுக்கும் சைபர் வந்தது. மூன்றாவதை வேறு என்று சரியாகப் பிரித்தது. என் கணவருக்கு ஒரே குஷி.

“எல்லாக் குச்சியையும் ஒட்டுக்கா தலைகீழா திருப்பி வச்சா இன்னா சொல்லும் உன் புரோகிராம்?”

“அதே பொருள்னு சொல்லும்ப்பா. எல்லாரும் ஒண்ணா திரும்பினா நடுவுல இருக்கற கோணம் மாறலியே.”

“ஒண்ணே ஒண்ணை மட்டும் திருப்பினா?”

“கண்டுபிடிச்சிடும்.”

“ஒரு குச்சியக் கூடவா? எங்க ஷெட்டு மேஸ்திரிய விட பேஜார் புடிச்சதா இருக்குதே!”

இந்தப் பேச்சு நடந்தபோது நானும் பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டுதான் இருந்தேன். காதில் விழுந்தது. தலையை ஆட்டினேன்.

மறுநாள் காலை பால் பொங்கியது. ஆறே முக்காலுக்குக் கணவர் கடைக்குப் போய்ப் புதுத் தீப்பெட்டி வாங்கி வந்தார். நான் அதிலிருந்து ஒரு குச்சி எடுத்து, மறுபடி ஸ்டூல் மேல் ஏறி, முதல் தட்டில் காலியாக இருந்த கீறலில் அழுத்தினேன். காலிக் கீறல் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதனால் தவறு நடக்க வழியே இல்லை என்று நினைத்தேன். கை தானாக வைத்தது. எடுத்ததை எடுத்த இடத்தில் வைத்த திருப்தியோடு இறங்கி, இட்லி ஊற்றப் போனேன்.

ஏழேகாலுக்கு அறையிலிருந்து மகள் கூப்பிட்டாள். “மா, இங்க வா.” குரல் சரியில்லை. கையில் மாவோடு ஓடினேன்.

“வேறன்னு வருது.”

“எதுடி?”

“ஒண்ணாந் தட்டும் ரெண்டாந் தட்டும். நேத்து சைபர் வந்துச்சு இல்ல? இப்ப பாயிண்ட் ஒன் நைன்.”

கணவர் முகத்தில் சோப்பு நுரையோடு எட்டிப் பார்த்தார். “பாயிண்ட் ஒன் நைன்தானே? கம்மியாத்தானே இருக்குது. விடு.”

“அப்பா! ஒண்ணுன்னா சைபர் வரணும். சைபர் வரலன்னா ஒண்ணு இல்ல. இதுல கம்மி ஜாஸ்தியே கெடையாது.” அவள் எங்கள் இருவரையும் பார்த்தாள். “யாராவது தட்டைத் தொட்டீங்களா?”

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் கணவர் முந்திக்கொண்டார். “யாரு தொடப் போறா? நீதான் சாமி படம் மாதிரி மேல ஏத்தி வச்சிருக்கியே. உங்கம்மா அங்க தூசி கூடத் தட்டல.”

நான் வாயை மூடிக்கொண்டேன்.

ஏன் மூடிக்கொண்டேன் என்று அதற்குப் பிறகு பல தடவை யோசித்திருக்கிறேன். பொய் சொல்ல வேண்டும் என்று இல்லை. குச்சிக்குக் குச்சி வைத்தாகிவிட்டது, இப்போது சொன்னால் அவள் இன்னும் கலங்குவாள் என்று நினைத்தேன். தேர்வு நாள் காலையில் உன் தட்டில் கை வைத்தேன் என்று சொல்லும் தைரியமும் இல்லை. இரண்டும் உண்மை.

அவள் மறுபடி படம் எடுத்தாள். அதே எண். படத்தில் பிழை இருக்கலாம் என்று சந்தேகப்பட்டு, தட்டைப் பார்த்துப் பார்த்து அறுபத்து நான்கு திசைகளையும் கையாலேயே தட்டச்சு செய்தாள். அதே எண். முந்தைய நாள் படுக்கப் போகும் முன் புரோகிராமில் ஒரு வரியை மாற்றியிருந்தாளாம்; அதைப் பழையபடி ஆக்கினாள். அதே எண். ஒவ்வொரு தடவையும் அவள் தோள் கொஞ்சம் இறங்கியது. இட்லியை விண்டு விண்டு தட்டிலேயே வைத்தாள்.

“நேத்து வந்த சைபர்தான் தப்புன்னு நெனைக்கிறேன்மா,” என்றாள் கடைசியில். “எதேச்சையா வந்திருக்கு. எனக்குத் தெரியாம உள்ள எங்கியோ ஓட்டை இருக்குது. இந்த முறையே நம்பற மாதிரி இல்ல.”

“அஞ்சு வருசம் சரியா வந்தது ஒரு நாள் வரலன்னா...”

“ஒரு நாள் வரலன்னா அஞ்சு வருசமும் சந்தேகம்தான்மா. அதான் இந்த வேலை.”

செல்போனில் அவளுடைய பேராசிரியருக்கு ஒரு செய்தி அடித்தாள். எட்டிப் பார்த்தேன். முறையில் அடிப்படைப் பிழை இருக்கக்கூடும், தேர்வைத் தள்ளிவைக்க வேண்டுகிறேன் என்று இருந்தது. அனுப்பவில்லை. தேர்வாளர் மேடம் அவ்வளவு தூரத்திலிருந்து ரயிலில் வந்துகொண்டிருக்கிறார், போனில் சொல்வது மரியாதை இல்லை, வந்ததும் நேரில் சொல்லிவிடுகிறேன் என்றாள். செய்தி அப்படியே திரையில் நின்றது.

வேலூர் பஸ்ஸில் மூன்று தட்டுகளையும் மடியில் வைத்துக்கொண்டேன். ஒரு குச்சியும் அசையக் கூடாது என்று பள்ளிகொண்டா தாண்டும் வரை மூச்சைக்கூட அளந்துதான் விட்டேன். கண்டக்டர் குனிந்து பார்த்தார்.

“இன்னாம்மா இது, தீப்பெட்டி எக்ஸிபிஷனா? உரசிடாதீங்க, வண்டியில டீசல் இருக்குது.”

வேறு நாளாக இருந்தால் என் மகள் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். அன்று ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தாள். அரைமணிக்கு ஒரு தடவை கணவர் தறிச் சத்தத்துக்கு நடுவே போன் செய்தார். “இன்னா ஆச்சு?” என்பார். “ஒண்ணும் ஆகல” என்பேன். “அப்ப நல்லதுதானே” என்று வைத்துவிடுவார்.

அவள் படிக்கும் துறைக் கட்டடத்தின் முதல் மாடியில் தேர்வு. நாங்கள் போனபோது பேராசிரியர் வராண்டாவில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார். மகளைப் பார்த்ததும், “ரயில் லேட். மேடம் வர ஒரு மணி ஆயிடும். நல்லதாப் போச்சு, நிம்மதியா ஒரு தடவை பேசிப் பாத்துக்கோ” என்று சொல்லிவிட்டு அவர் அறைக்குப் போனார். அன்றைக்கு இருந்த ஒரே குறை ரயில் தாமதம்தான் என்பது போல அவர் சந்தோஷமாக இருந்தார். மகள் படிக்கட்டுப் பக்கம் திரும்பி நடந்தாள்.

படிக்கட்டில் உட்கார்ந்தோம். தேர்வு முடிந்ததும் எல்லோருக்கும் கொடுப்பதற்காக வாங்கிய மக்கன் பேடா இனிப்புப் பெட்டி என் பக்கத்தில் இருந்தது. அதைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

“சரி, ஷூவையாவது போட்டுக்கோ,” என்றேன். “தள்ளி வைங்கன்னு சொல்றதா இருந்தாலும் நல்லா நின்னு சொல்லணும்.”

இந்த நாளுக்காகவே எங்கள் கம்பெனியில் வாங்கிய கறுப்பு ஷூ. அவள் செருப்பைக் கழற்றி ஷூவுக்குள் காலை நுழைத்தாள். நான் செருப்பைத் தட்டித் துடைத்து, காலியான ஷூ பெட்டிக்குள் வைத்தேன். ஒன்றை வைத்தேன். அடுத்ததைத் தலைமாற்றி வைத்தேன். மூடியை மூடினேன்.

மூடிய பிறகு என் கையைப் பார்த்தேன்.

பேக்கிங்கில் முதல் நாளே சொல்லிக் கொடுப்பது இது. பெட்டிக்குள் ஜோடி ஒரே திசையில் படுக்காது. ஒன்றின் நுனி இருக்கும் பக்கம் மற்றதன் குதிகால் இருக்க வேண்டும். அப்போதுதான் இரண்டும் ஒன்றோடு ஒன்று பொருந்தி உட்காரும், மூடி மூடும். பத்தொன்பது வருடமாக நாளெல்லாம் என் கை இதைத்தான் செய்கிறது. வீட்டில் கரண்டிகளைக்கூட அப்படித்தான் அடுக்குவேன். கணவர் கேலி செய்வார். ஒன்றின் பக்கத்தில் இன்னொன்றை வை என்றால் என் கைக்கு ஒரே வழிதான் தெரியும்.

காலை ஆறே முக்காலுக்கு ஸ்டூல் மேல் நின்று, காலிக் கீறலுக்கு மூலைவாக்கில் அதே போக்கில் படுத்திருந்த குச்சியைத்தான் பார்த்திருப்பேன். அதற்குத் தலைமாற்றித்தான் புதுக் குச்சியை வைத்திருப்பேன். வேறு எப்படியும் வைத்திருக்க முடியாது.

பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு மகள் பக்கம் திரும்பினேன்.

“நான்தான்டி,” என்றேன்.

“இன்னாமா?”

“குச்சி. காலைல லைட்டர் எரியல. உன் தட்டுலேந்து ஒண்ணு எடுத்து அடுப்பு பத்த வச்சேன். அப்புறம் புதுசு வச்சேன். தலைய மாத்தி வச்சிட்டேன்னு நெனைக்கிறேன். ஷூ வைக்கிற மாதிரி.” பெட்டியைத் திறந்து செருப்பைக் காட்டினேன். “நீ கேட்டப்பவே சொல்லியிருக்கணும். பயந்துட்டேன்.”

அவள் செருப்பைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். ஒரு காலில் ஷூ, ஒரு காலில் வெறும் பாதம். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் நல்லது என்றுகூட நினைத்தேன்.

“எந்தத் தட்டு?”

“மேல இருந்தது. ஒண்ணாவது.”

“எந்தக் குச்சி?”

“அது தெரியலியே. நடுவுல எங்கியோ. நீ பழைய கணக்க வச்சு ஒண்ணொண்ணா சரி பாரு, நான் புடிச்சிக்கிறேன்...”

“வேணாம்,” என்றாள். முகத்தில் ஏதோ ஏறிக்கொண்டே வந்தது. “நீ சொல்லாத. நானும் தட்டைப் பாக்கல. இரு.”

படிக்கட்டிலேயே லேப்டாப்பைத் திறந்தாள். காலையில் அவள் பார்த்ததெல்லாம் கடைசியில் வரும் அந்த ஒற்றை எண்ணைத்தான். அது வருவதற்கு முன்னால் ஒவ்வோர் இடத்துக்கும் தனித்தனி எண் வரிசை இருக்கிறது அல்லவா, அதை விரித்தாள். தட்டின் ஓரத்தைத் தாண்டியும் அதே ஒழுங்கு தொடர்வதாகத்தான் புரோகிராம் எடுத்துக்கொள்ளும். அதனால் ஒழுங்கான தட்டில் எந்தக் குச்சியிலிருந்து பார்த்தாலும் சுற்றுப்புறம் ஒரே மாதிரி இருக்க வேண்டும். எனவே அறுபத்து நான்கு எண் வரிசைகளும் ஒன்றுபோல இருக்க வேண்டும். இருந்தன, ஓர் இடத்தையும் அதைச் சுற்றியிருந்த சிலதையும் தவிர. சுற்றியிருந்தவை கொஞ்சம் விலகியிருந்தன. நடுவில் இருந்தது மிக அதிகமாக விலகியிருந்தது.

“அஞ்சாம் வரிசை, மூணாவது குச்சி,” என்றாள்.

நான் தட்டை எடுத்து எண்ணினேன். ஐந்து. ஒன்று, இரண்டு, மூன்று. குனிந்து பார்த்தேன். மற்ற குச்சிகளின் தலை இளஞ்சிவப்பு. அதன் தலை ஒரு படி அடர்த்தி. வேறு பெட்டிக் குச்சி. ஜோடியில் ஷேடு மாறினால் பத்தடி தூரத்திலேயே கண்டுபிடிக்கும் என் கண், காலையில் எங்கே போயிருந்தது என்று தெரியவில்லை.

“இதான்டி. ஷேடு மாறியிருக்குது.”

“திருப்பி வை.”

அதை உருவி, தலையை மறுபக்கம் ஆக்கி அழுத்தினேன். அவள் படம் எடுத்தாள். திரையைப் பார்த்தாள். என் பக்கம் திருப்பிக் காட்டினாள். சைபர்.

அவள் சிரிக்கத் தொடங்கினாள். முதலில் சத்தமில்லாமல் தோள் மட்டும் குலுங்கியது. அப்புறம் சுவரில் சாய்ந்து, அப்புறம் கையிலிருந்த மற்றொரு ஷூவால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “ஷூ வைக்கிற மாதிரி... மா... ஷூ வைக்கிற மாதிரி வச்சிருக்க...” எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. ஐந்து வருடத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. செல்போனை எடுத்து, அனுப்பாமல் நின்றிருந்த செய்தியை எழுத்து எழுத்தாக அழித்தாள். ஒரே தட்டலில் அழித்திருக்கலாம். அவளுக்கு எழுத்து எழுத்தாக அழிக்க வேண்டும் போலிருந்தது.

“இந்தப் பட்டியல ஏன்டி காலைலயே பாக்கல?” என்று கேட்டேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தாள். “தோணவே இல்லமா. என் மேலதான் சந்தேகம் வந்துச்சு. குச்சி மேல வரல.”

அந்தப் பதில்தான் இன்றும் என்னை விடாமல் உறுத்துகிறது. ரயில் சரியான நேரத்துக்கு வந்திருந்தால், அவள் செருப்போடே உள்ளே போயிருந்தால், ஒழுங்காக வேலை செய்த ஒன்றைப் பொய் என்று அவள் வாயாலேயே சொல்லியிருப்பாள். நான் பக்கத்தில் பேடா பெட்டியோடு உட்கார்ந்திருப்பேன்.

சத்தம் கேட்டுப் பேராசிரியர் அறையிலிருந்து வெளியே வந்தார். தேர்வுக்கு முன்னால் தாயும் மகளும் படிக்கட்டில் உருண்டுகொண்டிருப்பதைப் பார்த்து நின்றுவிட்டார். மகள் மூச்சு வாங்க வாங்க எல்லாவற்றையும் சொன்னாள். நான் எழுந்து தலையைக் குனிந்து நின்றேன்.

அவர் தட்டை வாங்கிப் பார்த்தார். “அம்மா, உங்க பொண்ணுகிட்ட மூணு வருஷமா ஒண்ணு கேட்டுட்டிருக்கேன். இவளே ஒண்ண மாத்துவா, இவளே கண்டுபிடிப்பா. தனக்குத் தெரிஞ்சே மாத்தினதைக் கண்டுபிடிக்கறது ஒரு சோதனையா? இவளுக்குத் தெரியாம யாராவது மாத்தணும், மாத்தினவங்களுக்கும் எதுன்னு தெரியக் கூடாதுன்னு. யாரும் கிடைக்கல.” கையை விரித்தார். “நீங்க வீட்டிலேயே இருந்திருக்கீங்க.”

அவர் போன் அடித்தது. “மேடம் கேட்டுக்கு வந்துட்டாங்க” என்று இரண்டிரண்டு படியாக இறங்கினார். மகள் அடுத்த ஷூவைப் போட்டு, லேஸைக் கட்டி, துப்பட்டாவைச் சரி செய்துகொண்டாள். நான் கணவருக்குப் போன் செய்தேன். “இன்னா ஆச்சு?” என்றார். “சைபர்” என்றேன். “அய்யய்யோ” என்றார். விளக்க நேரம் இல்லை, வைத்துவிட்டேன்.

கீழே மரத்தடியில் ஒரு சின்ன உருவம் நடந்து வந்துகொண்டிருந்தது. நரைத்த தலை, கைத்தறிச் சேலை, தோளில் பெரிய பை. பக்கத்தில் பேராசிரியர் கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொல்லிக்கொண்டே வந்தார். பாதி வழியில் அந்த அம்மா நின்றுவிட்டார். அண்ணாந்து மாடியைப் பார்த்தார். அப்புறம் நடந்த நடை வேகமாக இருந்தது.

மேலே வந்ததும் என் மகளின் வணக்கத்துக்குத் தலையசைத்துவிட்டு, நேராக என்னைத்தான் தேடினார்.

“தீக்குச்சி எடுத்த அம்மா நீங்கதானே? வாங்க உள்ள. முதல் வேலை உங்களுக்குத்தான். நாங்க எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பிக்கறோம். இன்னொரு குச்சியத் திருப்பி வைங்க. இந்தத் தடவை மட்டும் எதுன்னு ஞாபகம் வச்சுக்கோங்க.”